முப்பத்தேழு திருத்தங்கள்

உங்கள் அறையிலுள்ள பிரிண்டர் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது என்று நம்புகிறேன், டாக்டர். போன மாதம் நாங்கள் வந்திருந்தபோது மருந்துச் சீட்டு வராமல் நின்றுவிட்டது. நீங்கள் அதை அணைத்துப் போட்டீர்கள். மறுபடி அணைத்துப் போட்டீர்கள். யாரோ பாதியில் கைவிட்ட ஓர் அச்சுவேலை வரிசையின் தலையில் உட்கார்ந்துகொண்டு பின்னால் வந்தவற்றையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீங்கள் என் மனைவியைப் பார்த்து, "வீட்டுலயே ஒரு டாக்டரை வெச்சிருக்கீங்களேம்மா" என்றீர்கள். அவள் சிரித்தாள். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு அவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

பிரிண்டர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. காகிதம் இருக்கும்போதே இல்லை என்று சாதிக்கும். கறுப்பில் அடிக்கச் சொன்னால் நீலம் தீர்ந்துவிட்டது என்று முறைக்கும். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடும் லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை. எந்தக் கோப்பில், எந்த வரியில், எத்தனை மணிக்கு என்ன தவறு நடந்தது என்று எழுதி வைத்துவிடும். படிக்கத்தான் ஆளில்லை. இருபத்தொரு வருடங்களாக நான் லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துகிறேன். இலவசம் என்பதற்காக அல்ல. அது நம்மை நம்பி எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. மனிதர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை, என் மனைவியைத் தவிர.

இதை எழுதக் காரணம், உங்கள் மருத்துவமனை மாத இதழில் நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. பெயர் சொல்லாமல் என் மனைவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் பிழையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் ஆட்களின் வழக்கமல்ல. முகம் தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருளில் ஒரு காற்புள்ளி தவறினால்கூட உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவர்கள் நாங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கேயுள்ள கணினியில் என்னை எதையும் தொட விடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணி முதல் ஒரு மணி வரை, ஒரு சைக்கிள் கடையின் மாடியில், லினக்ஸ் ஆட்கள் கூடுவதற்கு ஏற்பாடு செய்தேன். கெட்டுப்போன கணினியை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். பதினேழு வருடங்களாக நடக்கிறது. லினக்ஸின் சின்னம் பெங்குயின். அதனால் எனக்குப் பெங்குயின் சார் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை நானாக வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் யாராவது அப்படிக் கூப்பிடாமல் போனால் எனக்குத் தெரிந்துவிடும்.

என் மனைவிக்கு நூலகத்தில் பட்டியல் பிரிவில் வேலை. ஆறு வருடங்களுக்கு முன் அவளுடைய பழைய மடிக்கணினி திறப்பதற்கே கால்மணி நேரம் எடுத்தது. லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். கற்றுக்கொடுத்தேன். முதல் பாடமாகச் சொன்னது இதுதான்: ஞாபகத்தை நம்பாதே, எழுதியதை நம்பு. எதைச் சரிசெய்தாலும் அன்றைக்கே குறித்துவைக்க வேண்டும். தேதி, என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தோம், யாருடைய யோசனை. ஆறு மாதம் கழித்து அதே கோளாறு திரும்பி வரும். அப்போது மண்டையைச் சொறிவதற்குப் பதிலாகக் குறிப்பைப் பார்க்கலாம். மனம் தன் வசதிக்குத் திருத்திக்கொள்ளும். கோப்பு திருத்திக்கொள்ளாது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு எளிய கோப்பு. அதற்கு 'ஏடு' என்று பெயர் வைத்தாள். ஒருநாள் தவறாமல் எழுதினாள். நானே அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வரத் தொடங்கினாள். முதல் வருடம் தேநீர் ஊற்றினாள். இரண்டாம் வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் வருடம் ஒரு டீச்சர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். சத்தம் வரவில்லை. நான் ஒலிக்கான டிரைவர் மென்பொருளைப் பார்த்தேன். லினக்ஸின் உட்கருவான கர்னலின் பதிப்பைப் பார்த்தேன். ஒலி அட்டையின் எண்ணைக் கண்டுபிடித்து அதற்கான பழைய விவாதங்களைத் தேடினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. சுவாரசியமான வேலை. என் மனைவி அந்த அம்மாளிடம் கேட்டாள்:

"டீச்சர், கடைசியா எப்போ சத்தம் வந்துச்சு?"

"முந்தாநாள். டிவியில மாட்டிப் பிள்ளைங்களோட படம் பார்த்தோம்."

"அப்ப சத்தம் இன்னும் டிவிக்குத்தான் போய்ட்டிருக்கு."

என் கைக்கு மேலாகக் கையை நீட்டி மூன்று இடத்தில் சொடுக்கினாள். சத்தம் வந்தது. வேடிக்கை பார்க்க மாடிக்கு வந்திருந்த சைக்கிள் கடைக்காரர் சொன்னார்: "சார் எஞ்சினையே கழட்டிட்டாரு. அக்கா சாவியைத் திருப்பினாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியாக நிறுத்தியது நான்தான்.

அதிலிருந்து வருகிறவர்கள் வாசலில் நின்று அக்கா இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லையென்றால், "பரவால்ல சார், அடுத்த வாரம் வரேன்" என்றார்கள். நான் அங்கேயே இருந்தேன். என் எதிரில் நாற்காலி காலியாக இருந்தது.

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னிடம் இல்லாதது பிறரிடம் இருந்தால் வருவதுதான் பொறாமை. அவளிடம் இருந்ததெல்லாம் என்னிடமிருந்து போனது.

நூலகத்தில் நாற்பது பழைய கணினிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போட்டால் இன்னும் எட்டு வருடம் ஓடும் என்று நான் நூலகருக்கு நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். முதல் கடிதம் பதினொரு பக்கம். பதில் வரவில்லை. என் மனைவி வாசிப்புக் கூடத்தில் ஒரே ஒரு கணினிக்குப் போட்டாள். அதை நான்கு நாள் பயன்படுத்திய நூலகர், "இதே மாதிரி எல்லாத்துக்கும் பண்ணிடலாமாம்மா?" என்று அவளிடம் கேட்டார். அவளைப் பொறுப்பாளராக்கினார்கள். ஒரு அறை கொடுத்தார்கள். நான் உதவிக்குப் போனபோது வாட்ச்மேன் நிறுத்தினார். யார் என்று சொன்னேன்.

"ஓ, அக்கா வீட்டுக்காரரா? உக்காருங்க. அக்கா மீட்டிங்ல இருக்காங்க."

நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த கணினியில் நான் பதினொரு பக்கத்தில் சொன்னதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அவளுடைய ஏட்டைப் படித்தேன். அவள் மடிக்கணினியிலுள்ள ஏடும் வீட்டுக் கணினியிலுள்ள பிரதியும் தாமாகவே ஒத்துப்போகும்படி நான்தான் அமைத்திருந்தேன். பாதுகாப்புக்காக. ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் மாறும். அவள் ஏழே முக்காலுக்குக் கிளம்புவாள். எனக்கு எட்டரைக்கு வேலை. நடுவில் முக்கால் மணி நேரம் வீடு என்னுடையது.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு குறிப்பு. மடிக்கணினியை மூடித் திறந்தால் வைஃபை அறுந்துபோகும் ஒரு கோளாறு. அதன் கீழே 'யோசனை: நான்' என்று எழுதியிருந்தாள். அது தவறு. நான் அதை ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே சொன்னேன். வாயில் நுரை இருந்ததால் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. 'நான்' என்பதை 'அவர்' என்று மாற்றினேன். கோப்பைத் திருத்தினால் திருத்திய தேதி மாறிவிடும். அதைப் பழைய தேதிக்குத் திருப்பிவைக்க ஒரு வரிக் கட்டளை போதும். வைத்தேன். அது முதல் திருத்தம். அதை இன்றைக்கும் நான் சரி என்றே சொல்வேன்.

பத்து நாள் கழித்து நூலகத்தில் அதே கோளாறு வந்திருக்கிறது. அன்று மாலை அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்த வைஃபை விஷயம் நீங்களா சொன்னீங்க?"

"ஏன்?"

"நானா கண்டுபிடிச்ச மாதிரி ஞாபகம். அன்னிக்கு மழைகூட. நான் ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்கன்னுதான் எழுதியிருக்கு."

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்மீது சந்தேகம் என்பது அவள் முகத்தில் துளியும் இல்லை. அவள் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி நோய் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். கடைசி இரண்டு வருடம் அந்த அம்மாள் இவளை நர்ஸ் என்று நினைத்து மரியாதையாகப் பேசினார். என்னிடம் இதைக் கேட்ட அன்று இவளுக்கு நாற்பத்தொன்பது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, நான் கற்றுக்கொடுத்ததை இவ்வளவு உறுதியாகப் பிடித்திருப்பவள் உலகத்தில் இவள் ஒருத்திதான் என்று. எழுதியதும் ஞாபகமும் முட்டிக்கொண்டால் இவள் ஞாபகத்தைத்தான் விடுவாள்.

"வேலை ஜாஸ்தி" என்றேன். "விடு."

அன்றைக்கு அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ரொம்ப நாளாயிற்று அப்படிச் செய்து.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவசரப்படுகிறவனுக்குத்தான் எட்டு நாள். நான் மாதத்துக்கு நான்குக்கு மேல் செய்ததில்லை. சில மாதங்கள் ஒன்றுமே செய்யவில்லை. மிகச் சிறியவையாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு கணினியின் முகவரியில் ஓர் எண். அதை அவள் நூலகர் முன்னால் ஏட்டைப் பார்த்து அடித்தாள். வேலை செய்யவில்லை. "நானே எழுதினதுதான்" என்றாளாம். நூலகர் பரவாயில்லை என்றாராம். செய்த வேலைகளில் ஒன்றின் குறிப்பை அழித்தேன். அவள் அதே வேலையை மறுபடி செய்யப் போய் அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்யாத வேலை ஒன்றை எழுதினேன். அவள் நடை, அவள் சொற்கள், அவள் விடும் எழுத்துப்பிழைகள் எல்லாமே எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம்.

அவள் பயந்தாள். பயந்ததால் அதிகமாக எழுதினாள். அடுப்பை அணைத்தது, கதவைப் பூட்டியது, தங்கைக்கு ஃபோன் செய்தது என்று வீட்டு விஷயங்களும் ஏட்டுக்குள் வந்தன. அதிகமாக எழுதியதால் எனக்கு அதிக இடம் கிடைத்தது. தங்கையோடு பேசியதாக எழுதியிருந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவள் ஃபோன் செய்து அதே சேதியை அதே மாதிரி சொன்னாள். மச்சினி சத்தமாகப் பேசுகிறவள். எனக்கே கேட்டது.

"அக்கா, இதை நேத்தே சொல்லிட்டியே. உனக்கு வயசாயிடுச்சு போ."

விளையாட்டாகத்தான் சொன்னாள். என் மனைவி ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அதன்மேல் கையை வைத்திருந்தாள். அடுத்த மாதம் மச்சினி குழந்தையோடு வந்தாள். ஏழு மாதக் குழந்தை. தூக்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். என் மனைவி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே வெச்சுக்கோடி. எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவேன்."

மச்சினி என்னைப் பார்த்தாள். "என்ன மாமா இது?" என்றாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

இனி அந்தப் பதிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையில் அது ஒரு பத்தி.

நூலகத்தில் பார்வையில்லாத வாசகர்களுக்காகத் தன்னார்வலர்கள் புத்தகங்களை வாசித்துப் பதிந்துகொண்டிருந்தார்கள். பதினொரு மாத வேலை. அறுபத்திரண்டு புத்தகங்கள். அவற்றில் ஆறு என் மனைவி வாசித்தவை. எல்லாம் பதினான்காம் எண் கணினியில் இருந்தன. நாற்பதில் கடைசியாக மாற்றவேண்டியது அதுதான். புதிதாக லினக்ஸ் போடும்போது ஹார்ட் டிஸ்க், அதாவது வட்டு, முழுவதும் அழிந்துவிடும். அதற்கு முன் பிரதி எடுக்க வேண்டும். நான் ஏட்டில் ஒரு வரி சேர்த்தேன். 'பதிவுகள்: இரண்டாம் பிரதி எடுத்தாயிற்று. திறந்து சரிபார்த்தாயிற்று.' முந்தைய செவ்வாய்க்கிழமையின் தேதியில்.

வெள்ளிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, அந்தப் பதிவையெல்லாம் நான் காப்பி எடுத்தேனா?"

"எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. ஆனா எடுத்த ஞாபகமே இல்ல. துளிகூட இல்ல."

"நாம என்ன சொல்லுவோம்?"

"எழுதினதை நம்பு" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். போனாள்.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பே, உதவிக்குப் போன ஒருநாள், அறுபத்திரண்டு புத்தகங்களையும் என்னுடைய வட்டு ஒன்றில் பிரதி எடுத்திருந்தேன். ஒன்றும் அழியவில்லை. அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வருவாள், என்னிடம் சொல்வாள், நான் இரண்டு நாள் அந்தக் கணினியோடு உட்கார்ந்திருந்துவிட்டு எல்லாவற்றையும் மீட்டதாகக் கொடுப்பேன். இதுதான் திட்டம். யாருக்கும் நஷ்டமில்லை.

பதினான்காம் எண் கணினியை அழித்த பிறகு பிரதி எங்குமே இல்லை என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்கு வரவில்லை. நேரே நூலகரின் மேசைக்குப் போயிருக்கிறாள். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "தப்பு என்னோடதுதான். எனக்கு ஞாபகம் சரியில்ல. எங்க அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருதுன்னு நினைக்கிறேன். வேற யாரையும் கேக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். நூலகர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். பதிவுகளைக் கேட்க வரும் பெரியவர் ஒருவர், "அழாதீங்கம்மா. மறுபடி படிச்சா மறுபடி கேட்டுக்கறேன். எனக்கென்ன அவசரம்?" என்றாராம். சாயங்காலம் நான் போனபோது ஆளாளுக்கு என்னிடம் அவளுடைய நேர்மையைப் பற்றிச் சொன்னார்கள். யாராவது ஒருவர் 'பெங்குயின் சாரைக் கேட்டுப் பார்க்கலாமே' என்று சொல்லியிருக்கலாம். அழிந்ததை மீட்க முடியுமா என்று ஒரு வார்த்தை. ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வட்டு என் அலமாரியில் இருக்கிறது.

அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். நூலகர் அதை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டு, நீண்ட விடுப்பு என்று பதிந்தார். பிறகு உங்களிடம் வந்தோம்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றீர்கள். ஆரம்பத்தில் தெரியாமலும் இருக்கலாம் என்றீர்கள். 'உடன் வசிப்பவர் நிரப்ப வேண்டியது' என்று ஒரு படிவம் கொடுத்தீர்கள். அதில் நான்கு வரிக்குத்தான் இடம் இருந்தது. நான் மூன்று பக்கம் இணைத்தேன். தேதி, நேரம், என்ன மறந்தாள், அப்போது யார் இருந்தார்கள். நீங்கள் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு கவனமான கணவரை நான் பார்த்ததில்லை என்றீர்கள். அதில் நடக்காதது ஒன்றுகூட இல்லை, டாக்டர். எல்லாம் நடந்தவை.

மாத்திரையால் காலையில் நெடுநேரம் தூங்கினாள். கை நடுங்கியது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். "ஏங்க, இதுல எதை அழுத்தணும்?" நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவேன். மறுநாள் அதையே கேட்பாள். மறுபடி காட்டுவேன். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய பாடங்களை முதலிலிருந்து தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். வாசலில் நின்றவர்கள் வேறு வழியில்லாமல் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். அந்த நான்கு மாதங்கள் எங்கள் மணவாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். ஏட்டை நான் தொடவில்லை. தேவைப்படவில்லை.

இங்கேதான் உங்கள் கட்டுரை வருகிறது. நோயாளி நான்கு மாதங்களாக ஒன்றைக்கூட மறக்கவில்லை என்கிறீர்கள். அதற்குக் காரணம் பாதி மருந்து, பாதி அவளுடைய குறிப்பெழுதும் ஒழுக்கம் என்கிறீர்கள். நோய் வருவதற்கு முன்பே தானாகவே ஒரு முறையை உருவாக்கிக்கொண்ட அபூர்வமான பெண்மணி என்கிறீர்கள். தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில், அவள் எழுதியதாக ஒரு வரியைப் போட்டிருக்கிறீர்கள். 'கை செய்ததை மனம் மறந்தால், கை எழுதியதை மனம் கேட்கட்டும்.'

அந்த வரி என்னுடையது. பத்தொன்பதாவது திருத்தம். அவள் சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்று, அவள் எழுதியதுபோல நான் சேர்த்தது. அதற்கு இரண்டு காலை எடுத்துக்கொண்டேன்.

சைக்கிள் கடை மாடியில் கட்டுரையைச் சத்தமாகப் படித்தார்கள். அந்த வரி வந்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையே வந்து தன் முறையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள் கடைக்காரர் என் முதுகில் தட்டி, "குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். நூலகர் அவளுடைய நாற்காலியில் இத்தனை நாள் யாரையும் உட்கார வைக்கவில்லையாம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, அடுத்த மாதம் முதல் அரைநாள் வேலைக்குப் போகலாம் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தங்கைக்கு ஃபோன் செய்தாள். "டாக்டர் சொன்னாங்கடி, என் ஏடு மாதிரி அவங்க பார்த்ததே இல்லையாம்." அந்தக் குரலை நான் ஒரு வருடமாகக் கேட்டிருக்கவில்லை.

முப்பத்தெட்டாவதை நேற்றுக் காலை எழுதினேன். மாத்திரையைப் பற்றியது. காலை மாத்திரை சாப்பிட்டதாக அவள் எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டால் மறுபடி ஒன்று சாப்பிடுவாள். மதியமும் எடுத்துவிட்டால் மதியமும் சாப்பிடுவாள். எளிமையான திருத்தம். திரையில் செய்து பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடினேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதைப் பற்றி நான் அப்போது யோசித்ததாக நினைவில்லை. யோசித்தது வேறு. இதுவும் நோயின் கணக்கில்தான் போகும். அவளை இன்னும் பாராட்டுவார்கள். எல்லாம் தெரிந்தும் கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தாள் என்பார்கள். அதற்கும் நீங்கள் ஒரு கட்டுரை எழுதுவீர்கள்.

ஆகவே பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு மறதி நோய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவளுக்கு மழை ஞாபகம் இருந்தது, ஜன்னலைச் சாத்தியது ஞாபகம் இருந்தது, பிரதி எடுக்காதது ஞாபகம் இருந்தது. எல்லா இடத்திலும் அவள் ஞாபகம்தான் சரி. பதினான்கு மாதங்கள், முப்பத்தேழு இடங்கள். நான் செய்தேன். உங்கள் கட்டுரையில் அவள் மறந்தவை என்று இருபத்தொன்றுதான் இருக்கிறது. மீதியையும் சேர்த்துத் தேதிவாரியாகப் பட்டியல் இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பழைய வரி, புதிய வரி, செய்த நேரம் இருக்கிறது. சிலவற்றை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். வேலையின் நேர்த்தி உங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்.

இது என்னை எங்கே கொண்டுபோகும் என்று தெரியாதவன் அல்ல நான். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நான்கு மாதம் பார்த்தீர்கள், ஸ்கேன் பார்த்தது, மச்சினி பார்த்தாள், நூலகமே பார்த்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அவளிடம் எப்படியும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போது, கோளாறு எங்கே என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.